ஹவுஸ்புல் பலகை

என் சமையலறையில் அடுப்புக்கு மேலே ஊறுகாய் ஜாடிகள் வைக்கிற பலகை ஒன்று இருக்கிறது. மூன்று முழ நீளம், ஒரு முழ அகலம், அசல் பர்மா தேக்கு. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ‘ஹவுஸ்புல்’ என்று சிவப்பு எழுத்தில் படிக்கலாம். தாளிப்பும் எண்ணெய்ப் புகையும் ஏறி ஏறி அந்தச் சிவப்பு இப்போது பழைய செங்கல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் பால் பொங்கக் காத்திருக்கும்போது என் கண் தானாக அங்கே போகும். போனதும் ராவுத்தர் ஞாபகம் வரும். அவர் ஞாபகம் வந்தால் எனக்கு முதுகு வலிக்கும். யாரும் வராத இடத்தில் யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிற வேலையைப் போல அலுப்பான வேலை உலகத்தில் வேறு இல்லை. அந்த வேலையைத்தான் அவரிடம் நான் பார்த்தேன்.

ராவுத்தருக்குப் பாலக்கரையில் மரவாடி இருந்தது. கதவு, ஜன்னல், உத்தரம் என்று வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். அதோடு நின்றிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். கோட்டைப் பக்கத்தில், யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் பொழுது போக்குவதற்காகக் கட்டிய வட்டமான அரங்கு ஒன்று இருந்தது. ஊரில் அதை ஸ்டேடியம் என்பார்கள். அதன் மேடைக்குப் பலகை கொடுத்தவர் அப்போது இளைஞராக இருந்த ராவுத்தர்தான். பலகை அடிக்கப் போனவர் ஒரு சாயங்காலம் நின்று குத்துச்சண்டை பார்த்திருக்கிறார். சிப்பாய்கள் கேலரியில் எழுந்து நின்று கத்திய சத்தத்தில் புறாக்கள் எல்லாம் மலைக்கோட்டைக்கே பறந்துவிட்டன என்று அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பட்டாளம் போயிற்று, வெள்ளைக்காரனும் போனான், புறாக்கள் திரும்பி வந்தன. அந்தச் சத்தம் மட்டும் அவர் காதை விட்டுப் போகவில்லை. ஸ்டேடியத்தை நகரசபையிடம் குத்தகைக்கு எடுத்தார்.

நான் பார்த்தபோது அது கிழடு தட்டிப் போயிருந்தது. சுற்றுச்சுவரில் அரசமரம் முளைத்து விரிசல் விட்டிருந்தது. நாற்காலி வகுப்புக்கு மேல் மட்டும் தகரக் கூரை; அதிலும் ஓட்டை. கேலரி முழுக்க மரம், ஆகவே முழுக்கக் கரையான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் மரவாடியிலிருந்து நல்ல பலகைகளாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, இற்றுப்போனதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடிப்பார். மரவாடி சம்பாதித்ததைக் கரையான் பாதி தின்றது, ஸ்டேடியம் மீதியைத் தின்றது என்று அவர் வீட்டில் பேசிக்கொள்வார்களாம். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

என் அப்பா அந்த மரவாடியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு ஒண்டுக்குடித்தனம் எங்களுக்கு. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறாமல் படுத்துவிட்டார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் முடித்து, வருகிற ஜாதகமெல்லாம் தட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ராவுத்தர் ஒருநாள் குதிரைவண்டியில் வந்து வாசலில் நின்றபடியே, “சாமி, ஒங்க பொண்ண அனுப்புங்க. கணக்கும் பாக்கட்டும், பெண்கள் கவுண்டர்லயும் ஒக்காரட்டும். எம்பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன்” என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “போய்ட்டு வாடி. ஆத்துல அடுப்பு எரியணுமோன்னோ” என்றார். பக்கத்துப் போர்ஷன் மாமி மட்டும், “குத்துச்சண்டைக் கொட்டகையிலயா! ரங்கநாதா, இதையும் பாத்துண்டு படுத்துண்டிருக்கியே!” என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பெண்கள் கவுண்டர் என்பது ராவுத்தரின் பிடிவாதங்களில் ஒன்று. சினிமாக் கொட்டகை என்றால் பெண்களுக்குத் தனி வழி, தனி பெஞ்சு, தனி டிக்கெட் ஜன்னல் எல்லாம் இருக்கும். குத்துச்சண்டைக்கு எதற்கு? “பொம்பளைங்க வந்து ஒக்காந்தாத்தான் ஆம்பளைங்க காலித்தனம் பண்ண மாட்டாங்க. குடும்பத்தோட வர்ற எடமா இது ஆகணும் பாப்பா” என்பார். அவர் வீட்டுப் பெண்கள் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை என்பதை நான் எடுத்துச் சொன்னதில்லை. சுவரில் முழங்கை நுழைகிற அளவுக்கு ஒரு கம்பி ஜன்னல். மேலே ‘பெண்கள்’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், நான். மரவாடிக் கணக்கையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுவேன். வெயில் காலத்தில் ஆடுகள் வந்து ஜன்னலுக்குக் கீழே நிழலில் படுத்துக்கொள்ளும். அவை எல்லாம் பெட்டை ஆடுகள் என்று ராவுத்தரிடம் ஒருமுறை சொன்னேன். அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சிரித்தார்.

ஆண்கள் ஜன்னலிலும் கூட்டம் முண்டியடிக்கவில்லை. அதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் எங்கள் ஊரின் பாஸ் பழக்கம் தெரிய வேண்டும். டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று ஊரில் ஒரு நினைப்பு. மின்சார மீட்டர் பார்க்கிறவருக்குப் பாஸ், சுகாதார இன்ஸ்பெக்டருக்குப் பாஸ், அவர் மைத்துனருக்குப் பாஸ், வக்கீலுக்குப் பாஸ், வக்கீல் குமாஸ்தாவுக்கு அதைவிட முன் வரிசைப் பாஸ். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தால் அவனுக்கு ஊரில் தெரிந்த ஆளே இல்லை என்று அர்த்தம். எவன் தனக்கு ஆளில்லை என்று ஒத்துக்கொள்வான்? ஆகவே பாஸ் கிடைக்காதவர்கள் கோபித்துக்கொண்டு வரமாட்டார்கள். பாஸ் கிடைத்தவர்கள், ஓசியில் கிடைத்ததுதானே என்று அவர்களும் வரமாட்டார்கள். நாற்காலிகள் ஆளில்லாமல் கிடக்கும். ராவுத்தர் யாரிடமும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாதவர். கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்தன்றும் அறையிலிருந்து இந்த ஹவுஸ்புல் பலகையை எடுத்து, துண்டால் துடைத்து, கேட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார். மாட்டுகிற வேளை வராது. ஆட்டம் முடிந்ததும் மறுபடி உள்ளே கொண்டுபோய் வைப்பார். அதைத் துடைக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் மைத்துனனும் கிடையாது, பாஸும் கிடையாது; வந்தால் டிக்கெட் வாங்கித்தான் வருவார்கள் என்று ராவுத்தர் கணக்குப் போட்டார். நகரசபையில் அப்போதே ஸ்டேடியத்தை இடித்துக் கடைகள் கட்டலாம் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. “இந்த ஒரு ஆட்டத்தப் பாருங்க. கூட்டம் வருதா இல்லையான்னு பாத்துட்டு இடிங்க” என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மெட்ராஸிலிருந்து பெயர்போன குத்துச்சண்டைக்காரர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. எதிரே நிற்பவர் நம்மூர்க்காரர். பொன்மலையில் குடியிருப்பு, ரயில் என்ஜினில் ஃபயர்மேன். கரி அள்ளிப் போட்டுத் தோளெல்லாம் உத்தரம் மாதிரி இருக்கும். ஊரில் எல்லாரும் அவரை ஃபயர்மேன் என்றேதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு பேச்சு உண்டு. ஆட்டக்காரர்களின் பணம் வசூலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கேலரியில் பாதியாவது நிரம்பாவிட்டால் ஆட்டத்தை ரத்து செய்துவிடலாம். வெளியூர்க்காரர்களுக்கு ரயில் செலவு மட்டும் கொடுத்தால் போதும். கூட்டம் இருந்தும் ஆட்டம் நின்றால், யார் பின்வாங்கினாரோ அவர் மற்றவருக்கு முழுத் தொகையும் கொடுக்க வேண்டும். இதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் இந்த ஒரு பேச்சின் மேல்தான் எல்லாம் வந்து நின்றது.

குதிரைவண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்துக்கொண்டு, லால்குடி வரைக்கும் நோட்டீஸ் போட்டார்கள். முன்பதிவு ஆரம்பித்த அன்றே பெண்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடு அல்ல, ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை, கழுத்தில் சின்னச் சிலுவை, என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். டிக்கெட் கேட்கவில்லை. “அக்கா, எவ்வளவு டிக்கெட்டுங்க வித்திருக்கு?” என்றாள். ஃபயர்மேனின் மனைவி என்று அப்புறம்தான் சொன்னாள். ஆண்கள் ஜன்னலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் புருஷன் ஆடுகிற ஆட்டம், பாவம், ஆசையோடு வந்து கேட்கிறாளே என்று, “நல்லாப் போயிண்டிருக்கு, கவலைப்படாதேங்கோ” என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல்தான் அப்படி ஆகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புத்திசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

அடுத்த நாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் நான் டிக்கெட் விற்பனையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சொன்னேன். ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “இந்த ஊர்ல எந்த ஆட்டத்துக்குமே கூட்டம் வராதுன்னு சொன்னாங்களே. எங்க வீட்டுக்காரர் ஆடுறப்போ மட்டும் ஏங்க்கா இப்படி வருது?”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. ஃபயர்மேனுக்கு வலது கண்ணில் கோளாறு. முந்தைய ஆட்டம் ஒன்றில் பட்ட அடி. ஓரத்தில் கறுப்புத் திரை மாதிரி விழுகிறது. டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றுகிறார். அந்தப் பக்கமாகக் குழந்தை தவழ்ந்து வந்தால் கால் இடறுகிறது. யாருக்கும் தெரியாமல் ஒரு கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அடி படாமல் ஆறு மாதம் இருந்தால் ஆறிவிடும், இன்னொரு குத்து விழுந்தால் பார்வை போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லி ஆட்டத்திலிருந்து விலகினால் விஷயம் அவர் வேலை பார்க்கிற ரயில் என்ஜின் ஷெட்டுக்குப் போய்விடும். கண் பரிசோதனையில் தேறினால்தான் ஃபயர்மேன் டிரைவராக முடியும். கோளாறு என்று தெரிந்தால் என்ஜினை விட்டே இறக்கிவிடுவார்கள். சும்மா விலகினாலோ மெட்ராஸ்காரருக்கு முழுத் தொகையும் கொடுக்க வேண்டும், எங்கே போவது? எல்லாவற்றுக்கும் மேலே அந்த மனிதருக்கு விலகுகிற எண்ணமே இல்லை. “பயந்துட்டான்னு சொல்லுவாங்களாம். கண்ணு போனாலும் பரவால்லையாம், பேரு போகக் கூடாதாம். கூட்டம் வராம ஆட்டம் நின்னாத்தாங்க்கா உண்டு” என்றாள். அவளுக்கு நான் சொல்லி வந்ததெல்லாம் பொய் என்று உடனே சொன்னேன். நோட்டை எடுத்து நாங்கள் விற்ற லட்சணத்தையும் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டிக்கெட் விற்கவில்லை என்று கேட்டுச் சிரித்த ஒரே ஜீவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கம்பிக்குள் கையை விட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆட்டத்தன்று வரைக்கும் நான் பட்ட பாடு பெருமாளுக்குத்தான் தெரியும். டிக்கெட் விற்றால் அந்தப் பெண்ணின் புருஷன் கண். விற்காவிட்டால் எங்களுக்குச் சோறு போடுகிற மனிதரின் ஆயுசுக் கனவு. வெள்ளிக்கிழமை தாயார் சந்நிதியில் போய் நின்றால் எதை வேண்டிக்கொள்வதென்று புரியவில்லை. ‘நீயே பார்த்துக்கொள்’ என்று சேவித்துவிட்டு வந்துவிட்டேன். ராவுத்தர் ஆண்கள் ஜன்னலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார். புருவத்தில் மரத்தூள், சட்டையில் அத்தர் வாசனை. “இன்ஷா அல்லாஹ், கடைசி நாள்ல வருவாங்க பாப்பா. நம்ம ஊர்க்காரன் எதுக்கும் கடைசி நாள்தான்” என்பார். வீட்டுக்குப் போனால் அப்பா, “ராவுத்தர் கையைச் சுட்டுண்டுடப் போறார்” என்று புலம்புவார். நான் ரசம் சாதத்தைப் பிசைந்து அவர் முன்னால் வைப்பேன்.

ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். மத்தியானம் வரைக்கும் ஸ்டேடியம் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தது. மெட்ராஸ்காரர்கள் வந்து உள்ளே பின்கட்டு அறையில் இறங்கியிருந்தார்கள். ஃபயர்மேனும் வந்து இன்னொரு அறையில் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பாஸ்காரர்கள் நாலைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்து சோடா கேட்டார்கள். கேலரி முழுக்கப் புறா. அப்பாடா, நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்போது ரோட்டில் சைக்கிள் மணிகள் கேட்டன. அன்றைக்குச் சம்பள நாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஷெட் ஆட்கள் மொத்தமாக, தங்கள் ஃபயர்மேன் ஆடுவதைப் பார்க்கப் பொன்மலையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலேயே திருவெறும்பூரிலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள். ஆண்கள் ஜன்னலை இன்னும் திறக்கவில்லை; கேலரிக் கதவும் பூட்டித்தான் இருந்தது. அதற்குள் கூட்டம் சுவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றது.

ராவுத்தர் அறைக்குள் ஓடினார். ஆமாம், ஓடினார், அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பலகையை எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்து, தோள் துண்டால் துடைத்தார். “பாத்தியா பாப்பா! நான் சொல்லல? புறாவெல்லாம் இன்னைக்குப் பறக்கப்போவுது பாரு!” கண்ணெல்லாம் தண்ணீர். அந்த நேரத்தில் என் ஜன்னலுக்கு வெளியே நிழல் விழுந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஃபயர்மேனின் மனைவி நின்றாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையைக் கம்பிக்குள் தள்ளினாள். “ஒரு டிக்கெட் குடுங்கக்கா” என்றாள். அழவில்லை. “நடக்கத்தான் போவுது. அவரு விழுறப்போ நான் உள்ள இருக்கணும்.”

கொடுத்தேன். பெண்கள் கவுண்டரில் நான் விற்ற ஒரே டிக்கெட் அதுதான். அவள் அதை வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். சத்தியத்தை மீறுகிறோமே என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. திரும்பி ராவுத்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண், டாக்டர், ஷெட், டீ டம்ளர், எல்லாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைக்க ஒன்றுமில்லாத பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே, “ஜன்னலைத் திறங்க பாய்!” என்று சத்தம் போட்டார்கள். எத்தனை வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “வெளிய இருக்குறது அந்தப் பொண்ணா?” என்றார். “ஆமாம் பாய்” என்றேன். பலகையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போய், தானே ஸ்டூலில் ஏறி, ஆணியில் மாட்டினார்.

ஹவுஸ்புல். உள்ளே நாலு பாஸ்காரர்களும் புறாக்களும்.

முதலில் கூட்டத்துக்குப் புரியவில்லை. “ஜன்னலே தெறக்கல, அதுக்குள்ள ஹவுஸ்புல்லா? யாரு பாய் வாங்குனா?” என்றார்கள். “எடம் இல்லைங்க” என்றார். சுவரில் ஏறிப் பார்த்த ஒருவன், “உள்ள காலியா கெடக்குடா!” என்று கத்தினான். அவர் மறுபடியும், “எடம் இல்லைங்க, போயிட்டு வாங்க” என்றே சொன்னார். பிளாக்கில் விற்றுவிட்டான் என்றார்கள், மெட்ராஸ்காரனிடம் பணம் வாங்கிவிட்டான் என்றார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். யாரோ எறிந்த செருப்பு பலகையில் பட்டுக் கீழே விழுந்தது. ராவுத்தர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. யாரிடமும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாத மனிதர் அன்றைக்கு ஒரு ஊரிடமே முகத்தை முறித்துக்கொண்டார்.

பிறகு பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மெட்ராஸ்காரர்களைக் கூப்பிட்டுக் காலிக் கேலரியைக் காட்டினார். “ஒங்களுக்கே தெரியுது. பேசுன மாதிரி ரயில் செலவு குடுத்துடறேன்” என்றார். அவர்களில் பெரியவர், “வெளிய என்னாங்க சத்தம்?” என்று கேட்டார். “முன்பதிவு பண்ணவங்க காசைத் திருப்பிக் கேக்குறாங்க” என்றார் ராவுத்தர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு, ஆனாலும் தடுமாறவில்லை. ஃபயர்மேன் துணி சுற்றிய கையோடு வெளியே வந்து நின்றார். காலிக் கேலரியை ஒரு பக்கமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்த்தபோதுதான் அவள் சொன்னது முழுக்க எனக்கு உறைத்தது. “என் பேருக்கு இவ்வளவுதானா?” என்று கேட்டார். ராவுத்தர், “ஒங்க பேருக்கு ஒண்ணும் இல்லைங்க. நம்ம ஸ்டேடியம் ராசி அப்படி” என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. “வெச்சுக்குங்கக்கா. நான் ஆட்டத்தப் பாத்துட்டேன்” என்றாள். கேட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, புருஷன் வருவதற்குள் போக வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.

மறுவாரம் ஷெட் ஆட்கள் சொல்லி ஃபயர்மேனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அதாவது பாதி உண்மை. நேரே மரவாடிக்கு வந்தார். சொந்த ஜனங்கள் திரண்டு வந்து நின்றபோது விரட்டிவிட்டுத் தன்னை அவமானப்படுத்தியதாகச் சொன்னார். மரம் வாங்க வந்தவர்கள் முன்னால் பேசக் கூடாததெல்லாம் பேசினார். ராவுத்தர் குனிந்து பலகைக்கு முழம் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதற்குள் நகரசபையில் முடிவு பண்ணிவிட்டார்கள். ஆளில்லாத இடத்தில் ஹவுஸ்புல் போட்டவன் என்று ஊரே சிரித்தது. அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அத்தனை வருஷம் பாஸ் வாங்கியவர்களில் ஒருவர்கூட இல்லை. ஸ்டேடியத்தை இடித்தார்கள். கேலரிப் பலகைகளை ராவுத்தர் பொறுக்கிக்கொண்டு வந்தார். பெரும்பாலும் விறகுக்குத்தான் ஆயிற்று.

நான் மரவாடியிலேயே தொடர்ந்து கணக்கு எழுதினேன். அப்பா போன பிறகும் எழுதினேன். சில வருஷம் கழித்து ஃபயர்மேன் டிரைவராகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்; ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒருமுறை அவர் என்ஜினிலிருந்து எட்டிப் பார்த்து நின்றதை நானே பார்த்தேன். ராவுத்தர் மேல் அவருக்கு இருந்த கோபம் மட்டும் ஆறவில்லை. பாலக்கரை ரோட்டில் ராவுத்தர் வருவதைப் பார்த்தால் தூரத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “இப்பத்தான் டிரைவர் ஆயாச்சே பாய். இனிமேலாவது சொல்லிடலாமே. என்னத்துக்கு இந்தப் பழி?” என்றேன். ராவுத்தருக்கு அப்போது வயதாகிவிட்டது. “சொன்னா நன்றின்னு வந்து நிப்பாரு, எனக்குக் கூச்சமா இருக்கும். கோவமாவே இருக்கட்டும் பாப்பா” என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தக் கோடியில நான் வரேன், இந்தக் கோடியிலேருந்து பாத்து மொகத்தத் திருப்பிக்கிறாரு. வலது பக்கம் வந்தாலும் திருப்பிக்கிறாரு. அவ்வளவு தூரம் தெரியுதே. அது போதும்.”

மரவாடியை அவருக்குப் பிறகு பிள்ளைகள் விற்றார்கள். அதற்கு முன்பே, நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு, ராவுத்தர் இந்தப் பலகையை எடுத்துக் கொடுத்தார். “தேக்கு பாப்பா. கரையான் தொடாது. வீட்டுல எதுக்காவது ஆவும்” என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆசாரியைக் கூப்பிட்டு அடுப்புக்கு மேலே அடிக்கச் சொன்னேன். எழுத்தை மேல்பக்கம் வைக்கட்டுமா, கீழ்ப்பக்கம் வைக்கட்டுமா என்று கேட்டார். கீழே என்றேன்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் மாட்ட வந்த ஆள் குனிந்து டியூபைச் சொருகிவிட்டு நிமிர்ந்தான். பலகையைப் படித்தான். சுற்றிலும் பார்த்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒற்றை ஆள். “என்ன மாமி, வீட்டுல நீங்க ஒருத்தர்தான். மேல ஹவுஸ்புல்னு போட்டிருக்கு?” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்து அனுப்பினேன். ராவுத்தர் இதை மாட்டின அன்றைக்கும் உள்ளே யாரும் இல்லைதான்.